முகம் சுளித்தால் விலை குறையும்

மகனுக்கு,

நேற்று வெள்ளிக்கிழமை, உன் பெட்டியை எடுத்துவர லொறியோடு உன் பள்ளிக்கூடத்துக்குப் போன நான், பெட்டி இல்லாமல் திரும்பி வந்தேன். அது உன் அறையில் கட்டிலுக்குக் கீழே இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைக் கட்டுவதற்குக் கொண்டுபோன கயிறு மட்டும் அங்கே வேறொரு வேலைக்குப் பயன்பட்டது. அது என்ன வேலை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம் லொறி ஓட்டுகிற சுமணபால இன்று பகல் கண்டிக்குச் சரக்கு ஏற்றிப் போகிறான். அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபாலை நம்பினால் செவ்வாய்க்கிழமைதான் உன்னிடம் வந்து சேரும். நீயோ திங்கட்கிழமை காலையில் கல்விக் கந்தோருக்குப் போய் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். அதற்கு முன் இதை முழுக்கப் படி. பாதியில் நிறுத்தினால் நான் உன்னைத் திட்டுகிற இடம் மட்டும்தான் கிடைக்கும். மன்னிப்புக் கேட்கிற இடம் பின்னால் வருகிறது.

முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தவணைப் பரீட்சையில் எட்டாம் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் கட்டுரையில் தவறிவிட்டார்கள், இவர்களுக்கு எழுத வராது, எனக்குச் சொல்லிக்கொடுக்க வராது, ஒரு கிழமை லீவு போட்டுக் கண்டியில் அக்கா வீட்டில் இருந்து யோசித்துவிட்டுக் கடைக்கே வந்துவிடுகிறேன் அம்மா என்று நீ எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். நீ வாத்தியார் வேலைக்குப் போன நாளிலிருந்து நான் காத்திருந்த சரக்கு, நான் விலை கேட்காமலே வாசலுக்கு வந்து இறங்கியது போல இருந்தது. அன்றைக்கே தராசுக்குப் பக்கத்து மேசையைக் கழுவித் துடைக்கச் சொன்னேன். உக்குவளைக் கடைத்தெருவில் நாலு பேரிடம், "தம்பி கடைக்கு வந்துருதுங்க, இனி எனக்குக் கவலையில்ல" என்று சொல்லியும் விட்டேன். பெற்ற பிள்ளை தோற்றுப்போய்த் திரும்பி வருகிறான் என்பதில் ஒரு தாய்க்குச் சந்தோஷம் வரலாமா என்று நீ கேட்பாய். வரக்கூடாதுதான். வியாபாரிக்கு வந்தது என்று வைத்துக்கொள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் நேற்று விடிந்ததும் சுமணபாலவைக் கிளப்பினேன். நீ கண்டியில் இருக்கும்போதே பெட்டியை எடுத்து வந்துவிட்டால், பிறகு மனம் மாறினாலும் உடுப்புக்காகவாவது கடைக்கு வந்தாக வேண்டும் என்பது என் கணக்கு. அறைச் சாவி உங்கள் தலைமை வாத்தியார் பெரிய சேரிடம் இருப்பதாக எழுதியிருந்தாய். நான் போன நேரம் அவர் இரண்டு வகுப்புக்கு நடுவில் நின்று இரண்டுக்கும் ஒரே தொண்டையால் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். உன் எட்டாம் வகுப்பு மூன்றாவது பக்கத்திலிருந்து கத்திக்கொண்டிருந்தது. மனிதர் என்னைக் கண்டதும் சாவியைப் பற்றிக் கேட்கவே விடவில்லை. "அம்மா, நல்ல நேரத்துல வந்தீங்க. மகன் லீவு. இந்தப் பாடம் முடியிற வரைக்கும் அந்த வகுப்புல கொஞ்சம் உக்காந்திருங்க. நீங்க ஒண்ணும் படிச்சுக் குடுக்க வேணாம். உங்க முகத்தப் பார்த்தாலே சத்தம் அடங்கும்" என்றார். என் முகத்துக்கு இப்படியும் ஒரு உபயோகம் இருப்பது நேற்றுத்தான் தெரிந்தது.

உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். முப்பத்தொரு பிள்ளைகளும் அடங்கினார்கள். சும்மா இருக்க எனக்குத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். மேசையில் கட்டுரைக் கொப்பிகள் அடுக்கியிருந்தன. சாக்கில் கை விடுகிற பழக்கத்தில் நடுவிலிருந்து ஒன்றை உருவினேன். தலைப்பு, எங்கள் ஊர். "எழில் கொஞ்சும் மலைகளும் சலசலக்கும் ஓடைகளும் பசுமை போர்த்திய சோலைகளும் புடைசூழ விளங்குவது எங்கள் ஊராகும்" என்று தொடங்கியது. பரவாயில்லையே என்று அடியிலிருந்து இன்னொன்றை எடுத்தேன். அதிலும் மலைகள் எழில் கொஞ்சின. மூன்றாவதிலும் ஓடைகள் சலசலத்தன. முப்பத்தொரு சாக்கிலும் ஒரே மிளகு. முன் வரிசையில் இருந்த ஒரு பெண்ணைப் பார்த்து, "என்ன பிள்ள, எல்லாருக்கும் ஒரே ஊரா?" என்று கேட்டேன். மகேஸ்வரி என்று பெயராம், உன்னிடம் நிறையக் கேள்வி கேட்பவள் என்று பிறகு அறிந்தேன். "இல்லீங்க. பாதிப் பேரு மேல் லயம், பாதிப் பேரு கீழ் லயம். சேர் கரும்பலகையில எழுதிப் போட்டத அப்பிடியே எழுதினோம். அப்பத்தான் மார்க்ஸ் கெடைக்கும்" என்றாள். "உங்க லயத்து வீட்டுப் பக்கம் ஓடை இருக்கா?" என்றேன். "தண்ணிப் பீலி இருக்குங்க. வெயில் காலத்துல அதுவும் சலசலக்காது" என்றாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கிற இடம் இதுதான்.

உனக்குப் பத்து வயதில் "என் அம்மாவின் தொழில்" என்று ஒரு கட்டுரை எழுதினாயே, ஞாபகம் இருக்கும். எனக்கு ஒவ்வொரு வரியும் ஞாபகம் இருக்கிறது. "அம்மா மிளகு வாங்குவார். சாக்கின் வாயில் உள்ள மிளகைப் பார்க்க மாட்டார். கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு அடியிலிருந்து எடுப்பார். ஒரு மணியைக் கடிப்பார். நல்ல மிளகாக இருந்தாலும் முகத்தைச் சுளிப்பார். முகம் சுளித்தால் விலை குறையும். கொண்டுவந்தவர் போன பிறகு அம்மா சிரிப்பார்." உன் வாத்தியார் அதைப் படித்துச் சிரித்தார். தன் மச்சானுக்கும் சொன்னார். மச்சான் மிளகுத் தோட்டக்காரன். அடுத்த கிழமை சாக்கோடு வந்து நின்றவன், நான் மணியைக் கடித்து முகத்தைச் சுளித்ததும், "போதுங்கம்மா, மகன் எல்லாத்தையும் எழுதிட்டாரு" என்றான். அன்று விலை குறையவில்லை. அந்தக் கோபத்தில் உன் முதுகில் ஒன்று வைத்தேன். "வீட்டு விசயத்த ஊருக்கு எழுதிக் குடுப்பியா? எழுதுறதுன்னா மலை, ஆறு, நிலான்னு அழகா எழுது" என்று கத்தினேன். அந்தக் கட்டுரைத் தாளில் கால் றாத்தல் மிளகு மடித்து யாருக்கோ விற்றும் விட்டேன். அதற்குப் பிறகு நீ எழுதிய கட்டுரைகளில் நிலா வந்தது, ஆறு வந்தது, பரிசுகூட வந்தது. நான் வரவில்லை, கடை வரவில்லை, உண்மையாக நடக்கிற ஒன்றும் வரவில்லை. உன் கரும்பலகையில் ஓடுகிற அந்த ஓடையின் ஊற்று நம் கடைதான் மகனே. அதை நான்தான் தோண்டிவிட்டேன். நீ எழுதியதிலேயே சிறந்தது அந்தப் பத்து வயதுக் கட்டுரைதான். அதை இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லாதது என் பிழை. அதைப் படித்த ஒருவன், வாழ்நாளில் மிளகே வாங்காதவனாக இருந்தாலும், மறுநாள் கடை போட்டு வியாபாரம் செய்திருக்கலாம். அதனால்தானே எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

சரி, கொப்பிக்கு வருகிறேன். மகேஸ்வரியின் கொப்பியைப் புரட்டும்போதுதான் ஓரத்தில் உன் சிவப்பு மையைக் கண்டேன். "எங்கள் ஊர் மக்கள் நன்றாக உழைப்பவர்கள்" என்று அவள் எழுதியிருந்ததில் "நன்றாக" என்பதன் கீழ் ஒரு கோடு. பக்கத்தில், "எப்படி? எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிக்கிறார்கள்?" என்று நீ கேட்டிருந்தாய். இன்னொரு பிள்ளையின் கொப்பியில், "சிறந்த தேயிலை என்றால் என்ன? பார்த்தால் தெரியுமா, குடித்தால் தெரியுமா?" இன்னொன்றில், "இதைப் படிப்பவர் நம் ஊருக்கு வந்ததே இல்லை. அவருக்கு எப்படி விளங்கும்?" நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தக் கேள்வியை ஒரு தடவை ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று சாக்குக் கொக்கோ செலவானது. உனக்கு அது சும்மா வந்திருக்கிறது.

அந்தக் கதையை உனக்கு நான் சொன்னதில்லை, வெட்கம் காரணம். கடை போட்டு நாலைந்து வருஷம் இருக்கும். மிளகிலிருந்து கொக்கோவுக்கும் கை நீட்டிய காலம். மாத்தளை அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், நம் பக்கத்தில் கொக்கோ மரத்தோடு ஒரு துண்டுக் காணி வாங்கினார். காயை எப்படிப் பக்குவப்படுத்திக் கொண்டுவர வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு கச்சேரி உத்தியோகத்தர் என்னிடம் எழுதிக் கேட்கிறார் என்ற பெருமையில், புதுத் தாளில் அழகான எழுத்தில் எழுதினேன். "பழுத்த காயை உடைத்து, விதையை எடுத்து, நன்றாகக் கழுவி, நன்றாகக் காயவைத்துக் கொண்டுவரவும்." ஐயா ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தார். மூன்று சாக்கு வந்தது. வெளியே பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஒரு விதையை வெட்டிப் பார்த்தேன், உள்ளே சிலேட்டு நிறம், வாயில் வைத்தால் கசப்பு. விதையைக் கழுவுமுன் சதையோடு குவித்து, வாழை இலையால் மூடி, ஐந்தாறு நாள் புழுங்கவிட வேண்டும். இடையில் கிளறிவிட வேண்டும். அப்போதுதான் கொக்கோவுக்கு மணம் வரும். அதை நான் எழுதவில்லை. கொக்கோ மரத்தடியில் வளர்ந்த நாய்க்குட்டிக்குக்கூடத் தெரிந்ததை எதற்கு எழுதுவது என்று விட்டுவிட்டேன்.

"இது வாங்க ஏலாதுங்க ஐயா, மூடி வைக்காம காயப்போட்டிருக்கீங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து என் தாளை எடுத்து, மடிப்புப் பிரித்து, மேசையில் வைத்தார். "இதிலை எந்த வரியிலை மூடி வைக்கச் சொல்லிக் கிடக்கு? காட்டுங்கோ பாப்பம்" என்றார். "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேங்க" என்றேன். "எனக்குத் தெரியாது. தெரியாதபடியாத்தானே உங்களிட்டைக் கேட்டனான்" என்றார். மூன்று சாக்கையும் முழு விலைக்கு வாங்கினேன். விற்க முடியவில்லை. அன்றிலிருந்து யாருக்கு எதை எழுதினாலும், எழுதி முடித்ததும் அந்த ஐயாவை எதிரில் உட்கார வைத்துக்கொள்வேன், மனதுக்குள்தான். அவர் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, "நன்றாக எண்டால் எவ்வளவு?" என்று கேட்பார். பதில் இல்லாத வரியை அடிப்பேன். நீ சிவப்பு மையால் செய்கிறது அந்த வேலையைத்தான். பிள்ளைகளுக்கு அந்த ஐயாவை அறிமுகப்படுத்தாமல் அவருடைய கேள்வியை மட்டும் ஓரத்தில் எழுதினால் அவர்கள் என்ன செய்வார்கள்? கரும்பலகையில் இருப்பதையே மறுபடி எழுதுவார்கள்.

இவ்வளவும் யோசித்த பிறகு எனக்குச் சாவி மறந்துபோனது. எழுந்து நின்று, "எனக்குத் தெரியாத ஒரு வேலையச் சொல்லுங்க" என்று வகுப்பைக் கேட்டேன். கடைக்காரம்மாவுக்குத் தெரியாதது என்ன இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். பிறகு மகேஸ்வரிதான், "கொழுந்துக் கூடை மாட்டத் தெரியுமாங்க?" என்றாள். எனக்குத் தெரியும். உன் அப்பா சாவதற்கு முன் ஒன்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கூடை சுமந்திருக்கிறேன். ஆனால் சுமணபாலவுக்குத் தெரியாது. அவனைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த லயத்திலிருந்து ஒரு கூடை வந்தது. "இந்த ஆளு கூடையக் கண்டதே இல்ல. நீங்க எழுதி வாசிக்கிறதத் தவிர ஒண்ணும் செய்ய மாட்டாரு. வாயால சொல்லக்கூடாது, கையால காட்டக்கூடாது" என்றேன். சுமணபாலவிடம், "சொன்னத மட்டும் செய், உன் மூளையப் பாவிக்காதே" என்றேன். "அது லேசு அம்மா" என்றான்.

அரை மணி நேரத்தில் முதல் தாள் வந்தது. நடராசா என்ற பையன் வாசித்தான். "கூடையை அழகாக முதுகில் வைத்து, கயிற்றை மாட்டிக்கொண்டு, பட்டியைச் சரிசெய்து, மலை நோக்கிச் செல்ல வேண்டும்." சுமணபால கூடையை முதுகில் வைத்தான், அது விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தான், மறுபடி விழுந்தது. கயிற்றை எங்கே மாட்டுவது என்று தாள் சொல்லாததால் கழுத்தில் மாட்டினான். பட்டி என்று ஒன்று வேறாக இருக்க வேண்டுமே என்று தேடி, லொறிக்குப் போய், உன் பெட்டியைக் கட்டக் கொண்டுவந்த கயிற்றை எடுத்துவந்து இடுப்பில் சுற்றிக்கொண்டான். அந்தக் கோலத்தோடு மலை நோக்கிச் சென்றான். வாசலைத் தாண்டி நிஜமாகவே போய்க்கொண்டிருந்தான். எவ்வளவு தூரம் என்று யாரும் எழுதவில்லையே. பிள்ளைகள் மேசையில் அடித்துச் சிரித்தார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து பெரிய சேர் எட்டிப் பார்த்தார். என் முகம் சத்தத்தை அடக்கும் என்று நம்பியவர், நான் கண்ணீர் வரச் சிரிப்பதைப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களே ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். "கயிறும் பட்டியும் ஒண்ணுதானே, பின்ன ஏன் ரெண்டு பேரு வச்சு எழுதின?" என்று ஒருத்தி நடராசாவைக் கேட்டாள். "ரெண்டு தடவையும் கயிறுன்னா நல்லா இருக்காதே. சேர் ஒரே சொல்லத் திருப்பி எழுதாதன்னு சொல்லியிருக்காரு" என்றான். "அது மலைக்கு. கூடைக்கு இல்ல" என்றாள் அவள். இந்த ஒரு வாக்கியத்துக்காக அந்தப் பிள்ளைக்கு நீ மார்க்ஸ் போட வேண்டும். இரண்டாம் தாளில் கயிறு உச்சந்தலைக்குப் போனது. ஆனால் தலைத்துணியை மடித்து வைக்க மறந்துவிட்டார்கள். அரை நிமிஷத்தில் சுமணபால, "அம்மா, தல அறுக்குது" என்றான். கொழுந்து விழாத வெறும் கூடைக்கே இப்படி. "எங்க அம்மா தெனமும் துணி வைக்கிறத நான் பார்க்கிறேன், ஆனா எழுதத் தோணலீங்க" என்றாள் மகேஸ்வரி, தலையைத் தொட்டுக்கொண்டே. மூன்றாம் தாளில் முதல் வரியே துணி. எத்தனை மடிப்பு, எங்கே வைப்பது, கயிறு அதன் மேல் எங்கே உட்காருவது, கூடை முதுகில் எந்த உயரத்தில் தொங்குவது, கை இரண்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்பது வரை இருந்தது. எழில் இல்லை, சோலை இல்லை. சுமணபால கூடையோடு நேராக நின்றான். இரண்டு கையையும் விட்டுவிட்டு வகுப்பைச் சுற்றி நடந்து காட்டினான். கூடை அசையவில்லை. கைதட்டல் ஓய வெகு நேரம் ஆயிற்று.

இவர்களுக்கா எழுத வராது என்று கடிதம் எழுதினாய்? நீ நல்ல மிளகைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறாய் மகனே. வாங்குகிறவன் சுளிக்கலாம். வளர்க்கிறவன் சுளிக்கக்கூடாது. பரீட்சைக்குப் பூ வைத்த வரி வேண்டுமென்றால் முதல் வரியில் ஒன்று வைக்கட்டும், கடைக்குப் பெயர்ப்பலகை எழுதுவது போல. பலகையில் பூ வரையலாம், சாக்குக்குள்ளே பூவைப் போட்டு நிறுக்கக்கூடாது. எழுதத் தெரியாதவர்களுக்குப் பத்திரம் நிரப்பிக் கொடுத்தே மாடி வீடு கட்டியவர்களை மாத்தளையில் எனக்குத் தெரியும். நம் சனங்கள் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட என்ன பாடுபட்டார்கள் என்பதையும் பார்த்தேன். எங்கே பிறந்தோம், எத்தனை வருஷம் எங்கே இருந்தோம் என்பதை ஒழுங்காக எழுதத் தெரியாமல் அடுத்தவன் கையை எதிர்பார்த்து நின்றார்கள். நீ இந்தப் பிள்ளைகளுக்குக் கூடை மாட்டுவதை எழுதச் சொல்லிக்கொடுத்தால், நாளைக்கு அவர்கள் தங்கள் விஷயத்தைத் தாங்களே எழுதிக்கொள்வார்கள். என் தராசுக்குப் பக்கத்தில் உட்கார ஆள் கிடைக்கும். இதற்கு ஆள் கிடைக்காது.

பள்ளிக்கூடம் விடுகிற மணி அடிக்கிற நேரம் என் வியாபாரப் புத்தி விழித்துக்கொண்டது. கொக்கோவும் மிளகும் கராம்பும் சாதிக்காயும் எப்படிப் பக்குவப்படுத்துவது என்று புதிதாகச் சரக்குக் கொண்டுவருகிறவர்களுக்குக் கொடுக்க எனக்கு நாலு தாள் வேண்டும். எனக்குத் தெரிந்த வேலை, அதனால் நான் எழுதினால் வாழை இலையை மறுபடி விட்டுவிடுவேன். தெரியாத பிள்ளைகள் கேட்டுக் கேட்டு எழுதினால் ஒன்றும் விடுபடாது. "எனக்கு எழுதித் தருவீங்களா? ஆளுக்கு ரெண்டு டொபி" என்றேன். மகேஸ்வரி எழுந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். சும்மா அல்ல, ஒரு மணியைக் கடித்தது போல, இடது கண் சற்று மூடி, உதடு ஓரமாக இழுத்து. வகுப்பே அவளைப் பார்த்து அதே மாதிரி சுளித்தது. முப்பத்தொரு முகம், அத்தனையும் என் முகம். "இது யாரு சொல்லிக் குடுத்தது?" என்றேன். "சேர்தாங்க. நல்ல கட்டுரைக்கு ஒண்ணே ஒண்ணுதான் உதாரணம் சொல்லுவாரு" என்றாள். எல்லோரும் சேர்ந்து ஒப்பித்தார்கள். "அம்மா மிளகு வாங்குவார். சாக்கின் வாயில் உள்ள மிளகைப் பார்க்க மாட்டார்..." கடைசி வரி வரை, கொண்டுவந்தவர் போன பிறகு அம்மா சிரிப்பார் என்பது வரை. நான் மிளகு மடித்து விற்ற தாள், மகனே, உன் வகுப்பில் முப்பத்தொரு பிரதி இருக்கிறது.

பிறகு பேரம் நடந்தது. டொபி மிட்டாய் வேண்டாம் என்றார்கள், தாளுக்கு நான் சொன்ன இரண்டு ரூபாயை ஐந்து ரூபாய்க்கு ஏற்றினார்கள். "பார்க்காதத எப்பிடிங்க எழுதுறது?" என்று நடராசா கேட்டு, லொறியில் கடைக்கு அழைத்துப்போவதையும் சேர்த்தான். கடைசியில் மகேஸ்வரி ஒன்று கேட்டாள், அது கீழே ஒப்பந்தத்தின் கடைசி வரியில் இருக்கிறது. அதற்கு, "உங்க சேர் வராட்டி வேற சேர் வருவாருதானே" என்று நான் வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன். "வேற சேர் 'நன்று'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவாருங்க. எங்க சேர்தான் கேள்வி எழுதுவாரு" என்றாள். சாவியை நான் கேட்கவே இல்லை. ராஜினாமாக் கடிதத்தைச் சுமணபாலவிடம் கொடுத்து அனுப்பு. பின்பக்கம் எழுதாமல்தானே இருக்கும், மிளகு மடிக்க உதவும். கழுவி வைத்த மேசையில் அந்தப் பிள்ளைகள் வந்து எழுதட்டும். கடைத்தெருவில் நான் சொன்ன நாலு பேருக்கும் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

மகேஸ்வரி எழுத, நானும் அவளும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இது. நாலு தாள், தாள் ஒன்றுக்கு ஐந்து ரூபாய், வகுப்புக்குப் பொதுவில். ஒவ்வொரு தாளையும் அந்த வேலை தெரியாத ஓர் ஆளிடம் வாசித்து, அவர் செய்து பார்த்த பிறகே பணம். யாராவது கடைக்கு வந்து மறுபடி விளக்கம் கேட்டால், அந்தத் தாளை இலவசமாகத் திருத்தித் தர வேண்டும். போக வர லொறி, பகல் சோறு முட்டையோடு, சிவப்பு மை ஒரு போத்தல், என் செலவில். தாள் எழுதி முடியும் வரை சேர் வகுப்பில் இருக்க வேண்டும், சேர் இல்லாவிட்டால் ஒப்பந்தம் இல்லை. இந்தக் கடைசி ஒன்றை மட்டும் நீக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். முகத்தையும் சுளித்துப் பார்த்தேன். குறையவில்லை.

அம்மா